மாங்கொத்துக்குக் கீழே மூன்று எழுத்து

போன மாதம் பழைய கடைக்கு ஒரு எட்டு போயிருந்தேன். ஓசூர் பாகலூர் ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. டாட்டூ கடை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பச்சை குத்துகிற இடம் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததால் ஐம்பத்தொரு வயதிலேயே வேலையை விட்டுவிட்டேன். ஊசி பிடிக்கிற கை மரத்துப்போனால் அதோடு சரி.

என் இடத்தில் இப்போது நஸ்ரின் உட்கார்ந்திருக்கிறாள். ஒருவர் அவள் முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பழைய பெயர். நஸ்ரின் அதைப் போட்டோ எடுத்து டேப்லெட்டில் போட்டு, ஒரு கழுகை விரலால் இழுத்து அந்தப் பெயரின் மேல் வைத்தாள். பெயர் காணாமல் போனது. "புடிக்கலையா, இந்தப் புலியைப் பாருங்கண்ணா" என்று அடுத்ததை இழுத்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவர் புலிக்குத் தலையாட்டிவிட்டார்.

அவர் இறங்கிப் போனதும் நஸ்ரின் கேட்டாள்: "அக்கா, இதெல்லாம் இல்லாதப்போ நீங்களும் முனிராஜண்ணாவும் எப்பிடிக்கா பண்ணீங்க?"

"பேனாவுல" என்றேன்.

"வெளையாடாதீங்கக்கா. ஏ, இங்க வாங்கடி, அக்கா கதை சொல்றாங்க." புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டாள். மூன்று பேர் முகமும் என்னைப் பார்த்ததும் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டு படி இறங்கி வந்துவிட்டேன். அதனால்தான் இது.

நான் பத்தாவது வரை படித்தவள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அது மூடியதும் கல்யாண வீடுகளில் மருதாணி போட்டேன். ஒரு கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமனாக வந்தவர் முனிராஜ் அண்ணா. நான் கோன் பிடித்து வரைவதைப் பின்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்திருக்கிறார். "கோடு நடுங்கவே இல்லையேம்மா. நம்ம கடைக்கு வர்றியா? பொம்பளைங்க வந்தா ஆம்பளைகிட்ட கை நீட்ட யோசிக்கிறாங்க" என்றார். வாழைப்பழத் தோலிலும் ரப்பர் ஷீட்டிலும் குத்திப் பழகினேன். பிறகு என் சொந்தக் காலில் ஒரு சின்ன நட்சத்திரம். இன்னும் இருக்கிறது, ஒரு முனை மட்டும் கொஞ்சம் தடித்துப்போய்.

கூச்ச சுபாவக்காரிக்கு இந்த வேலை பொருந்தியது. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தோலைப் பார்த்தால் போதும்.

முனிராஜ் அண்ணா அதற்கு முன் லாரிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். டேங்கர் பின்னால் ரோஜாப்பூ, பக்கவாட்டில் ஓனர் பெயர், மேலே சாமி பெயர். வீட்டில் தெலுங்கு பேசுவார். அத்திப்பள்ளி பக்கமிருந்து வருகிறவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்றிலும் குறைவாகத்தான் பேசுவார். பழைய பச்சையை அழிக்கவோ மறைக்கவோ ஆள் வந்தால் முதலில் அவர்களையே சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவரச் சொல்வார். பிறகு ட்யூப்லைட்டுக்கு அடியில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் அந்தப் பச்சையை மெதுவாகத் தடவுவார். எங்கே வரி தடித்திருக்கிறது, எங்கே தோல் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று விரல் சொல்லும். அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்து பார்ப்பார்.

அழிக்க வந்தவர்களிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. கடையின் முதல் சட்டம் அது. "கதையைக் கேட்டா நம்ம கை அந்தக் கதைக்குத்தான் வேலை செய்யும். தோலுக்கு வேலை செய்யாது" என்பார். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "நாளைக்குக் காலைல குளிக்கறப்போ இங்க என்ன இருந்தா உனக்குப் பரவால்ல?" ஒன்றுமே இருக்க வேண்டாம் என்றால் தோல் டாக்டரிடம் லேசருக்குப் போ என்று அனுப்பிவிடுவார். அதற்குப் பொறுமை வேண்டும், ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கறுப்பு போகும், பச்சை நிறம் அடம்பிடிக்கும், அவசரப்பட்டால் நம்ம ஊர் தோலில் வெள்ளைத் திட்டு விழும் என்று சொல்லியே அனுப்புவார். ஏதாவது இருக்கலாம் என்றால் எங்கள் வேலை. சில நேரம் இரண்டும் சேர்ந்து: லேசரில் கொஞ்சம் வெளுக்க வைத்துக்கொண்டு வந்தால், அதன் மேல் நாங்கள் வேறு படம் போடுவோம்.

எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. தோல் நிறத்திலேயே மை வைத்து மூடிவிட முடியாதா? "லாரியா இருந்தா வெள்ளை அடிச்சுட்டு மேல எழுதிடுவேன். தோலுக்கு வெள்ளை அடிக்க முடியாதுங்க" என்பார் அண்ணா. வெளிர் மையைக் கறுப்பு தின்றுவிடும். கொஞ்ச நாளில் காய்ந்த மாவு அப்பினது போல ஆகி, பழைய பெயர் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். கறுப்பை மறைக்கக் கறுப்புதான் வேண்டும். அதனால் புதுப் படத்தில் எங்கே நிழல் வருமோ அந்த இடத்தைப் பழைய கோட்டின் மேல் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். பழைய பச்சையை பட்டர் பேப்பரில் அப்படியே நகல் எடுப்போம். அந்தப் பேப்பரைத் தலைகீழாகத் திருப்பி மேசைமேல் வைப்பார். "பேரைப் படிக்காதே ஜெயா. படிச்சா உன் கண்ணுக்கு எழுத்துதான் தெரியும். கோடா பாரு." தலைகீழாக வைத்ததும் ஒரு பெயர் வளைவும் கொடியுமாக மாறிவிடும். அப்படிப் பார்த்துப் பழகியதில் எனக்கு ஒன்று தெரிந்தது. இங்கிலீஷ் எழுத்துகள்தான் ரொம்பக் கஷ்டம், கம்பு நட்டது போல நிற்கும். தமிழ் பரவாயில்லை. கன்னடம் எல்லாவற்றையும் விட சுலபம், பாதிப் பூ அதிலேயே இருக்கிறது.

கடைசியாகத்தான் பேனா. ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர்கள் தோலில் கோடு போடுவார்களே, அந்த ஊதாப் பேனா. புதுப் படத்தைப் பழையதின் மேல் அந்தப் பேனாவால் முழுதாக வரைந்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "இதோட இருந்து பாருங்க. கலையறதுக்குள்ள மனசு மாறலேன்னா வாங்க." திரும்பி வராதவர்கள் நிறையப் பேர். அண்ணாவுக்கு அதில் வருத்தமே கிடையாது.

தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு கட்சிக்காரர் வந்தது ஞாபகம் வருகிறது. சட்டையைக் கழற்றினால் நெஞ்சு முழுக்க ஒரு தலைவரின் முகம். அவர் கட்சி மாறிவிட்டார். இதைப் புதுத் தலைவரின் முகமாக மாற்ற வேண்டும்.

அண்ணா கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். "மூக்கை மாத்திடலாம். கண்ணாடியை வேணும்னா போட்டுடலாம். மீசையை எடுக்க முடியாதுங்க. புதுத் தலைவருக்கு மீசை உண்டா?"

"இல்லீங்களே."

"அப்ப கொஞ்ச நாள் பொறுங்க. அடுத்த தலைவருக்கு இருக்கும்."

அவரோடு வந்த ஆட்கள் சிரித்த சிரிப்பு கீழே பேக்கரி வரை கேட்டிருக்கும். அவரும் கோபப்படவில்லை. கடைசியில் மீசையைப் பிடரி மயிராக்கி ஒரு சிங்கம் போட்டுக்கொண்டு போனார். "சிங்கம் எந்தக் கட்சிக்கும் ஒத்துவரும்" என்று அவரே சொன்னார்.

இப்படிச் சிரித்த நாட்கள்தான் அதிகம். ஆனால் வேலை என்றால் என் கண் முன்னால் வந்து நிற்பது கலாவின் கைதான். அவள் உண்மைப் பெயர் கலா இல்லை. கையில் இருந்த பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. மூன்று எழுத்து என்பது மட்டும் போதும்.

ஒரு சித்திரை மாத மத்தியானம், முழுக்கை சுடிதாரோடு வேர்த்து விறுவிறுத்து மேலே வந்தாள். ஊத்தங்கரைக்காரி. ஒரு வண்டிப் பாகக் கம்பெனியில் ஒயர் சேர்க்கிற லைனில் வேலை.

"பொம்பளைங்களே போடுவாங்கன்னு சொன்னாங்க" என்றாள் என்னைப் பார்த்து.

"உக்காருங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை.

கையை மடித்துவிட்டாள். இடது முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், மூன்று தமிழ் எழுத்துகள். பெங்களூரில் யாரோ நல்ல கைக்காரர் போட்டது. ஒரே சீராக, ஆழமாக, மினுமினுக்கிற கறுப்பு. மட்டமாகப் போட்டதை மறைப்பது சுலபம், அது பாதி ஏற்கெனவே வெளுத்திருக்கும். நன்றாகப் போட்டதுதான் பிடிவாதம் பிடிக்கும். ஆனால் என்னைத் திகைக்க வைத்தது அதுவல்ல. நடு எழுத்தின் மேல் ஒரு கட்டைவிரல் நீளத்துக்குத் தோல் வெந்து, சிவந்து, மேடாக நின்றது.

அண்ணா எழுந்து வந்தார். மேட்டைத் தொடாமல் அதைச் சுற்றி மட்டும் தடவினார். "என்னாம்மா போட்ட?"

"எருக்கம்பாலுங்ணா. சுண்ணாம்பு கொழைச்சு. லைன்ல ஒரு அக்கா சொன்னாங்க, ரெண்டு மூணு நாள் வெச்சா உரிஞ்சு வந்துடும்னு."

"உரிஞ்சு வந்துச்சா?"

"தோல் வந்துச்சுங்ணா. பேரு வரல."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுல இப்ப ஊசி வெக்கவே கூடாது" என்றார் அண்ணா. "செவப்பு அடங்கணும், தோல் இளகணும். லேசரும் அப்பறந்தான். வருஷம் ஓடிடும்மா."

"அவ்ளோ நாள் இல்லீங்ணா."

அண்ணா ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"பாப்பாவ ஸ்கூல்ல போட்டுட்டோம். ஏ பி சி டி முடிஞ்சுது. இந்த ஜூன்லருந்து தமிழ் எழுத்து ஆரம்பிக்கிறாங்க."

அந்தக் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அந்த மூன்றெழுத்துக்காரன் போய்விட்டான். குழந்தை தவழுகிற வயதில், அதே கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கணேசன் இவளைக் கல்யாணம் செய்துகொண்டார். குழந்தைக்கு அவர்தான் அப்பா. வேறு யாரும் இருந்ததே தெரியாது.

"மறைச்சுடணும்னு இல்லீங்ணா. சொல்லுவேன். கொஞ்சம் வெவரம் தெரிஞ்சதும் நானே உக்கார வெச்சு எவ் வாயால சொல்லுவேன். அவளா எங் கையப் படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது. அது மட்டுந்தான்."

முழுக்கை சட்டை போட்டு மறைக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. "இந்தக் கை மேலதான் அவ தூங்குவா. இந்தக் கைலதான் குளிக்க வெக்கிறேன். எவ்ளோ நேரம் துணி போட்டு மூடறது?" முகத்துக்குப் போடுகிற கிரீமை வாங்கி அப்பிப் பார்த்திருக்கிறாள். கம்பெனி வேர்வையில் கரைந்துவிட்டது. மிச்சம் பாப்பாவின் யூனிஃபார்மில் ஒட்டிக்கொண்டது.

அண்ணா சட்டைப் பையிலிருந்து ஊதாப் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஜெயா, புண்ணுல படாம, வாராவாரம் போடு. எழுத்தைச் சுத்தி வேற ஏதாவது ஓடட்டும். கண்ணு எழுத்துல நிக்கக் கூடாது. மீதியை லேசர் போடற தோல் டாக்டரம்மா பாத்துக்குவாங்க. மையை நாம அப்பறம் வெக்கலாம்."

அன்றைக்கு முதல் எழுத்தை மீனின் வாலாக்கினேன். கடைசி எழுத்தை அலையாக்கினேன். நடுவில் புண்ணை விட்டுவிட்டு அதைச் சுற்றிக் குமிழிகள். பழைய பெயர் போய்விடவில்லை, தேடினால் தெரியும். ஆனால் சும்மா பார்த்தால் மீன்தான் தெரிந்தது.

அப்படியே எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. கலா மாடி ஏறி வருவாள். கையைக் கழுவிக்கொண்டு உட்காருவாள். நான் முந்தின வாரத்து மிச்சத்தைத் துடைத்துவிட்டு, காய்ந்ததும் வரைவேன். கிளி, முயல், ஆட்டோ, மாட்டுவண்டி. எந்தப் படமானாலும் அந்த மூன்று எழுத்தையும் விழுங்கியாக வேண்டும். ஒரு வாரம் வரைந்தது அடுத்த வாரம் வரக் கூடாது என்பது பாப்பாவின் உத்தரவு.

"என்னாக்கா இது, முயலுக்கு மூணு காதா இருக்கு?"

"கடைசி எழுத்துல ஒரு வளைவு மிச்சம் நிக்குதே. எங்க கொண்டுபோறது?"

"பாப்பா கேட்டா என்ன சொல்றது?"

"எறும்பு கடிச்சு வீங்கிடுச்சுன்னு சொல்லு."

வேலைக்குப் போனால் சூப்பர்வைசர் கேட்பாராம்: "என்னா கலா, உங் கைல வாரா வாரம் புதுப்படம் ரிலீஸ் ஆவுது?" இவள் சொல்வாளாம், "டிக்கெட் கெடையாது சார், ஃப்ரீயா பாத்துக்கங்க."

நான் அவ்வளவு பேசுகிறவள் இல்லை. என் வாழ்க்கையில் ஒரு கையைக் கையில் வைத்துக்கொண்டு வாரம் தவறாமல் பேசிச் சிரித்த காலம் அது ஒன்றுதான். அந்தத் தோலின் ஒவ்வொரு மச்சமும் எனக்குத் தெரியும். இப்போதும் கண்ணை மூடினால் வரைந்துவிடுவேன்.

ஒவ்வொரு வாரமும் அவள் ஒரு செய்தியும் கொண்டுவருவாள். எங்கள் காலத்தில் அ, ஆ என்று வரிசையாகச் சொல்லித்தருவார்கள். அந்தப் பள்ளியில் எழுத எளிதான எழுத்தை முதலில் சொல்லித் தந்தார்கள். அதனால் எது எப்போது வரும் என்று தெரியாது. சாயந்திரம் பாப்பா சிலேட்டை எடுத்தால் இவள் என்ன எழுத்து என்று எட்டிப் பார்ப்பாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்ததுமே சொன்னாள், "கடைசி எழுத்து வந்துடுச்சுக்கா."

கணேசன் கீழே பேக்கரி வாசலில் வண்டியில் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவை மழை என்று மேலே வந்தார். நல்ல உயரம், தலை குனிந்துதான் உள்ளே வர வேண்டும். "எனக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க. தெனம் எனக்குச் சோறு போடற கை, பாத்துப் பாத்துப் பழகிடுச்சு. எம் பேர வேணும்னா அதுமேல பெருசா எழுதிடச் சொன்னேன்."

"ஆமா, இவரு பேரு நாலெழுத்து. முட்டிக்கு மேல போவும்" என்றாள் கலா.

அண்ணா சிரிக்கவில்லை. "பேரு மேல பேரு எழுதற வேலை நாம வெச்சுக்கறதில்லப்பா" என்றார். பிறகு கணேசனுக்கு ஒரு டீ சொன்னார். அண்ணா டீ சொன்னால் அந்த ஆளைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

டாக்டரம்மா தழும்புக்கு ஒரு ஜெல் தந்து, தினமும் அழுத்தித் தேய்க்கச் சொல்லியிருந்தார். கார்த்திகை வாக்கில் சிவப்பு அடங்கி தோல் கொஞ்சம் இளகியது. அதற்குப் பிறகு நல்ல தோலில் இருந்த இரண்டு எழுத்துகளுக்கு மட்டும் லேசர். வெந்த இடத்தில் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை முடிந்து ஆறியபோது முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் அடுப்புச் சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தன. நடு எழுத்து மட்டும் மேட்டுக்கு அடியிலும் ஓரத்திலும் கறுப்பாகவே நின்றது. இன்னும் ஒரு தடவை லேசர் செய்தால் எங்கள் வேலை சுலபமாகும் என்று அண்ணா சொன்னார்.

அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு கலா மேலே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை.

"மூணும் வந்துடுச்சுக்கா. நேத்து பிஸ்கட் பாக்கெட்ல எழுத்து எழுத்தா சேத்துப் படிக்கிறா. இனிமே மீனு, முயலெல்லாம் வேலைக்காவாது."

அண்ணா அவளை உட்காரவைத்து, கண்ணை மூடி, இந்தத் தடவை மேட்டையும் சேர்த்துத் தடவினார். "மேடு அடங்காது. எந்த மை வெச்சாலும் மேடு மேடுதான்" என்றார். பிறகு வழக்கமான கேள்வி: "நாளைக்குக் காலைல இங்க என்ன இருந்தா உனக்குப் பரவால்ல?"

அவள் யோசிக்கவே இல்லை. "மாங்காங்ணா. எங்க ஊருல தோப்புக் கூலிக்குப் போவோம். கொத்துல மேல இருக்குறத யாரு பறிக்கிறதுன்னு சண்டை வரும்."

அண்ணா என்னைப் பார்த்தார். நான் பேப்பரைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தேன். ஆனால் எனக்குப் பேப்பரே தேவைப்படவில்லை. மேடு, மாங்காய். அதை மறைக்க வேண்டியதில்லை, உருண்டையாக இருக்க வேண்டியதே அதுதான். கறுப்பு நின்ற அதன் ஓரம், மாங்காய்க்கு அடியில் விழுகிற நிழல். வெளுத்த இரண்டு எழுத்தின் மேல் நீள நீளமாக இலைகள், நடு நரம்பு கறுப்பாக.

"நீயே போடு" என்றார் அண்ணா. "அந்தக் கையை என்னைவிட உனக்குத்தான் தெரியும். நான் லைட்டு புடிக்கிறேன்."

கடை வைத்தவர் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் ஊசி பிடித்தது அன்றைக்குத்தான். முதலில் இலைகள். அதில் பயமில்லை. தழும்புக்கு வந்ததும் மெஷினின் வேகத்தைக் குறைத்தேன். வெந்த தோல் சாதாரணத் தோல் மாதிரி மையை வாங்காது. ஒரு இடத்தில் குடிக்கும், பக்கத்தில் துப்பும். அழுத்தினால் உடனே ரத்தம் வரும், மை சிதறிவிடும். அதனால் ஒரே ஒரு தடவை, மேலாக, மழைச் சாரல் போல. மாங்காயை நிரப்பவே கூடாது. ஓரத்தில் மட்டும் பச்சையும் கறுப்பும், நடுவில் அவள் தோலையே விட்டுவிட்டேன். அது வெளிச்சம் பட்ட மாங்காய் போல நின்றது.

"வலிக்குதா?"

"எருக்கம்பாலுக்கு இது எவ்ளோ பரவால்லக்கா."

கடைசி எழுத்தின் வளைவு மட்டும் எந்த இலைக்குள்ளும் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. பல மாதமாக எனக்குத் தலைவலி கொடுத்த வளைவு அது, முயலுக்கும் ஆட்டோவுக்கும். அண்ணா லைட்டைக் கொஞ்சம் சாய்த்தார். சாய்ந்த வெளிச்சத்தில் அது மாங்காயின் காம்பாகத் தெரிந்தது. காம்பாக்கினேன்.

துடைத்து, வாசலின் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றினேன். அண்ணா தலையைச் சாய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "பேரு எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். அவர் யாரையும் அதற்கு மேல் பாராட்டி நான் கேட்டதில்லை.

செதில் உதிர்ந்து ஆறிய பிறகு காட்ட வர வேண்டும் என்பது முறை. கலா வந்தாள். இந்தத் தடவை கணேசனும் கூடவே மேலே வந்தார். அவர் தோளில் பாப்பா. அவளை அதுவரை நான் பார்த்ததில்லை. ரெட்டை ஜடை, ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது.

படம் நன்றாக ஆறியிருந்தது. ஒரு இலை நுனியில் மட்டும் கொஞ்சம் டச்சப் வேண்டும். நான் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கலா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"சொல்லிட்டேங்கா."

எனக்குப் புரியவில்லை.

"பிளாஸ்டிக்க எடுத்த அன்னிக்கே. பக்கத்துல வந்து படுத்தா, கையத் தூக்கிப் பாத்தா. 'இங்க இருந்த எழுத்து எங்கம்மா?'ன்னு கேட்டா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. எந்த எழுத்துன்னேன். மூணையும் தனித்தனியா சொல்றாக்கா. மீனு வாலுல ஒண்ணு, முயலு காதுல ஒண்ணுன்னு. அவளுக்கு ஒவ்வொரு வாரமும் அதத் தேடறதுதான் வெளையாட்டாம்."

நான் மறைக்க மறைக்க, அவள் தேடித் தேடிப் படித்திருக்கிறாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சேத்துப் படிச்சாளா?"

"இல்லக்கா. மாங்கா வர்றதுக்கு முன்னாடி அவளுக்கு அது வெறும் மூணு எழுத்துதான், அவ்ளோதான். அழிச்ச பொறவுதான் அது எங்க போச்சுன்னு கேக்கறா. கழுவிட்டேன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. சொல்லிட்டேன். அது ஒருத்தரு பேருன்னு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி அம்மாகூட இருந்தாரு, அவருக்குத்தான் நீ பொறந்த, அவரு போயிட்டாருன்னு. இவரு அங்கதான் துணி மடிச்சிட்டிருந்தாரு. மடிச்ச சட்டையவே திரும்பத் திரும்ப மடிக்கிறாரு."

கணேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவரு எங்கன்னு கேட்டா. தெரியாதுன்னேன். அப்ப இவரு யாருன்னு கேட்டுடுவாளோன்னு பயந்துக்கிட்டே, நானே சொன்னேன், இவருதான் அப்பான்னு. 'அது எனக்குத் தெரியும்மா'ன்னு கோவமா சொல்லிட்டுத் தூங்கிட்டா."

அண்ணா பேக்கரிப் பையனைக் கூப்பிட்டு டீ சொல்லப் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார். திரும்பி வர நேரமானது.

பாப்பா கணேசன் தோளிலிருந்து இறங்கி வந்து என் ஸ்டூலில் கைவைத்து நின்றாள். மாங்காய் மேட்டைக் கட்டைவிரலால் தடவினாள். அண்ணா தடவுகிற மாதிரியேதான்.

"ஆன்ட்டி, இங்க எழுத்து இருந்துச்சு. நீங்க பாத்தீங்களா?"

அடியில் என்ன இருந்தது என்று யாரிடமும் பேசக் கூடாது என்பது எங்கள் கடை வழக்கம். நான் கலாவைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

"பாத்தேன் கண்ணு."

"அழகா இருந்துச்சா?"

பொய் சொல்லவும் எனக்கு மனமில்லை. ஒரு வருடம் அந்த எழுத்தோடு மல்லுக்கட்டியவள் நான். அதைப் போட்டவன் கையை எனக்குத் தெரியும்.

"நல்ல எழுத்துதான் கண்ணு" என்றேன். "இடந்தான் சரியில்ல."

அவள் இன்னொரு தடவை மாங்காயைத் தடவினாள். பிறகு, "இந்த மாங்கா புளிக்குமா?" என்று கேட்டாள். கணேசன்தான் முதலில் சிரித்தார்.